ஆற்றில் தண்ணீர் இல்லை

சென்ற சில மாதங்களாக நமக்கு வரும் கடிதங்களில் ஒரு கேள்வி அடிக்கடி தலை காட்டுகிறது. "கதை எழுத வேண்டும் என்று ஆசை. பேனாவை எடுத்தால் ஒன்றும் ஓடுவதில்லை. என்ன வழி?" என்று கேட்கிறார்கள். கேட்பவர்களில் கல்லூரி மாணவர்கள் இருக்கிறார்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் இருக்கிறார்கள். சமையலை முடித்துவிட்டால் மத்தியானத்தில் ஒரு மணி நேரம் அவகாசம் கிடைக்கிறது என்று எழுதும் சகோதரிகளும் இருக்கிறார்கள். தனித்தனியே பதில் எழுதுவது நமக்குச் சாத்தியமில்லை. ஆகவே எல்லோருக்குமாகச் சேர்த்து இந்த வாரம் சில வார்த்தைகள் சொல்ல உத்தேசித்திருக்கிறோம்.

எழுத்து ஒரு வரப்பிரசாதம், அது பிறவியிலேயே வர வேண்டும், பழகி வருவதன்று என்று நம்மவர்களில் பலருக்கு ஒரு நம்பிக்கை உண்டு. அதில் பாதி உண்மையாகவே இருக்கட்டும். சங்கீதமும் வரப்பிரசாதந்தானே? அதற்காகப் பாட்டுக் கற்க வந்த குழந்தையை முதல் நாளே மேடையில் ஏற்றி ராகம் பாடச் சொல்லுகிறோமா? மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, பிறகு ஜண்டை வரிசை, அதன் பிறகு அலங்காரம், கீதம், வர்ணம் என்று வருஷக் கணக்கில் போகிறது. 16-ஆம் நூற்றாண்டில் புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் படிக்கட்டு அது. விடியற்காலையில் அண்டை வீட்டுப் பெண் ஒரே வரிசையை நாற்பது தடவை பாடினால் நாம் காதைப் பொத்திக் கொள்வோமே ஒழிய, அவளுக்கு ஞானம் இல்லையென்று சொல்ல மாட்டோம். எழுத்துக்கு மட்டும் இந்தச் சலுகையை நாம் கொடுப்பதில்லை. முதல் நாளே மூன்று பாகமுள்ள நாவலுக்குத் தலைப்புப் போடுகிறோம். நான்காம் பக்கத்தில் கதாநாயகியை ரயிலில் ஏற்றுகிறோம். அதற்கு மேல் ரயிலும் நகர்வதில்லை, பேனாவும் நகர்வதில்லை.

எழுத்துக்குச் சரளி வரிசை உண்டா என்று கேட்கலாம். செய்யுளுக்கு நம் முன்னோர் வைத்திருந்தார்கள். ஆசிரியர் ஈற்றடி ஒன்றைக் கொடுப்பார். மாணாக்கன் அதற்கு முன்னடிகளைப் புனைந்து வெண்பாவை முடிக்க வேண்டும். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் 1871 முதல் 1876 வரையில் பாடம் கேட்ட உ. வே. சாமிநாதையர், தம் ஆசிரியர் செய்யுள் சொல்லச் சொல்ல அதை ஏட்டில் எழுதியதைத் தம் சரித்திரத்தில் விவரித்திருக்கிறார். எழுதிக்கொண்டே கற்ற அந்தப் படிப்புக்கு ஈடான படிப்பு வேறு இல்லை. வசனம் நம் பாஷையில் பிந்தித் தழைத்த பிள்ளை. அதற்கென்று இத்தகைய பயிற்சி முறை ஒன்றும் பரம்பரையாக வந்து சேரவில்லை. அந்தக் காலி இடத்தில் பள்ளிக்கூடத்து வியாசம் வந்து உட்கார்ந்து கொண்டது. அது செய்த நன்மைகள் பல. அது செய்த தீமை ஒன்றைப் பற்றி நாம் இங்கே ஒப்புக் கொண்டாக வேண்டும். ஏனெனில் அந்தத் தீமையில் நமக்கும் பங்கு உண்டு.

நாம் உபாத்தியாயத் தொழிலில் இறங்கிய இரண்டாவது வருஷம். வகுப்பில் நாற்பது பிள்ளைகள். "ஆற்றங்கரையில் ஒரு மாலைப் பொழுது" என்று தலைப்புக் கொடுத்தோம். நாற்பது வியாசங்களும் வந்து சேர்ந்தன. சூரியன் மேற்கே மறைந்தான். பறவைகள் கூட்டை நாடிப் பறந்தன. தென்றல் இனிமையாக வீசியது. சலசலவென்று ஆறு ஓடியது. முப்பத்தொன்பது வியாசங்களில் இந்த நான்கும் ஏறக்குறைய இதே வரிசையில் இருந்தன. நாற்பதாவது வியாசத்தில் மட்டும் ஒரு பையன் இப்படித் தொடங்கியிருந்தான்: "ஆற்றில் தண்ணீர் இல்லை. என் தங்கை மணலில் ஊற்றுத் தோண்டிக் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தை நிரப்பும் வரையில் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்." நாம் என்ன செய்தோம்? சிவப்பு மையினால் அந்த இரண்டு வாக்கியங்களையும் அடித்தோம். "தலைப்புக்குப் பொருந்தவில்லை. இயற்கை வர்ணனை தேவை" என்று ஓரத்தில் எழுதினோம். பத்துக்கு மூன்று மார்க்குப் போட்டோம்.

அந்த மாதம் பங்குனி. நமது ஊர் ஆற்றில் பங்குனி பிறந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் இராது. நாமும் தினந்தோறும் அந்த மணலைக் கடந்துதான் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அந்தச் சிவப்புக் கோட்டை நினைத்தால் இன்றும் நமக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்தப் பையன் அடுத்த வியாசத்தில் சூரியனை மேற்கே மறைத்து, பறவைகளைக் கூட்டுக்கு அனுப்பி, ஆறு மார்க்கு வாங்கிக்கொண்டான். நாம் அவனுக்கு எழுதக் கற்றுக் கொடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொள்ளக் கற்றுக் கொடுத்தோம். கீழே சொல்லப்போகும் பயிற்சிகளெல்லாம் அந்தத் தவறுக்குப் பரிகாரமாக நாம் தேடிச் சேர்த்தவை. வகுப்பிலும் வீட்டிலும் செய்து பார்த்தவை.

முதற் பயிற்சி, பார்ப்பது. பிரெஞ்சு தேசத்துச் சிறுகதை ஆசிரியர் மாப்பஸானுக்கு நாவலாசிரியர் பிளாபேர் குருவாக வாய்த்தார். தெருவில் ஒரு மளிகைக் கடைக்காரர் வாசலில் உட்கார்ந்திருக்கிறார். உலகத்திலுள்ள வேறு எந்த மளிகைக் கடைக்காரரோடும் அவரைக் குழப்பிக் கொள்ள முடியாதபடி எழுதிக் காட்டு என்பது குருவின் கட்டளை. வண்டிக் குதிரை ஒன்றை எடுத்துக்கொண்டால், அதற்கு முன்னும் பின்னும் வரும் ஐம்பது குதிரைகளிலிருந்து அது எப்படி வேறுபடுகிறது என்பதை ஒரே வார்த்தையில் காட்ட வேண்டும். மாப்பஸான் ஏழு வருஷம் பாட்டு எழுதினார், கதை எழுதினார், நாடகம்கூட எழுதினார். அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. எழுதியதையெல்லாம் குரு படித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு வேளையில் குறை சொல்லுவாராம். 1888-இல் வெளியான தம் நாவல் ஒன்றின் முன்னுரையில் மாப்பஸானே இதைச் சொல்லியிருக்கிறார். அவருக்குப் புகழ் தேடித் தந்த முதற்கதை வெளிவந்தது 1880-இல். அதே வருஷத்தில் குருவும் காலமானார்.

இதை நம் வீடுகளில் ஒரு விளையாட்டாகவே நடத்தலாம். உங்கள் தெருவுக்குத் தினந்தோறும் வரும் ஒருவரை எடுத்துக் கொள்ளுங்கள். கீரைக்காரியாக இருக்கலாம், தபால்காரராக இருக்கலாம். பெயரையும் தொழிலையும் சொல்லாமல் பத்து வரி எழுதுங்கள். "நல்லவர்", "ஏழை", "அழகான", "பரிதாபமான" என்ற வார்த்தைகளுக்கு அன்று விடுமுறை. கண் கண்டதும் காது கேட்டதுமே இருக்க வேண்டும். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அதை உரக்கப் படியுங்கள். வீட்டிலுள்ளவர்கள் ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் நீங்கள் தேர்ச்சி பெற்றீர்கள். "யாராயிருக்கும்?" என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தால் மறுநாள் காலையில் வாசலில் நின்று இன்னும் ஒருமுறை பாருங்கள். இந்த விளையாட்டில் குழந்தைகள் பெரியவர்களைத் தோற்கடிப்பதை நாம் பல தடவை கண்டிருக்கிறோம். கீரைக்காரியின் கூடையில் எந்தப் பக்கத்துப் பிரம்பு ஒடிந்திருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரிகிறது.

இரண்டாவது பயிற்சி, கேட்பது. கதை எழுதத் தொடங்குபவர்கள் பலருக்கு ஒரே ஒரு குரல்தான் உண்டு. பாட்டியும் பேரனும் நீதிபதியும் வண்டிக்காரனும் ஒரே மாதிரி பேசுவார்கள். நால்வரும் பேசுவது ஆசிரியரின் பேச்சு. இதற்கு மருந்து மிக எளியது. மழை வரப் போகிறது என்ற ஒரே விஷயத்தை உங்கள் வீட்டில் நான்கு பேர் எப்படிச் சொல்லுவார்கள் என்று எழுதுங்கள். "வடாம் காய்கிறதே, யாராவது மாடிக்குப் போங்களேன்!" என்பாள் பாட்டி. "குடை எங்கே?" என்பார் அப்பா. "நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா?" என்று கேட்பான் பையன். எதிர்வீட்டு மிராசுதார் வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போவார். அவருக்கு அறுவடையாகாத நெல் வயலில் இருக்கிறது. ஒருவரும் மழை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. ஆயினும் மழை வரப் போகிறது என்பது நமக்குத் தெரிகிறது, நால்வரையும் தெரிகிறது. எழுதிய பிறகு பேசியவர்களின் பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு படியுங்கள். பேச்சைக் கொண்டே ஆள் தெரிந்தால் சரி.

மூன்றாவது பயிற்சிக்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும். அந்நாட்டுச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான பெஞ்சமின் பிராங்க்ளின் 1706-இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். பன்னிரண்டாம் வயதில் தமையனின் அச்சுக்கூடத்தில் வேலை பழகப் போனார். அவருடைய நடையில் நயமும் ஒழுங்கும் தெளிவும் போதாதென்று தகப்பனார் எடுத்துக் காட்டினார். பையன் கோபித்துக் கொள்ளவில்லை. லண்டனில் 1711-இல் தொடங்கிய ஸ்பெக்டேட்டர் பத்திரிகையின் தொகுப்பு ஒன்று அவர் கைக்குக் கிடைத்தது. அதிலிருந்து ஒரு கட்டுரையை எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு வாக்கியத்தின் கருத்தையும் இரண்டொரு வார்த்தையில் குறித்து வைப்பார். சில நாள் கழித்து, மூலத்தைப் பாராமல், குறிப்புக்களைக் கொண்டு முழுக் கட்டுரையையும் தம் வார்த்தையில் எழுதிப் பார்ப்பார். பிறகு மூலத்தோடு ஒப்பிட்டுத் தம் பிழைகளைத் திருத்துவார். சில சமயம் குறிப்புக்களையே கலைத்துப் போட்டு, சில வாரம் கழித்து அவற்றை ஒழுங்கான வரிசையில் அமைத்துப் பார்ப்பார். வசனத்தைச் செய்யுளாக்கி, மறந்த பிறகு மறுபடியும் வசனமாக்குவார். இவ்வளவுக்கும் அவருக்குக் கிடைத்த நேரம் இரவில் வேலை முடிந்த பின்னும், காலையில் வேலை தொடங்குமுன்னும், ஞாயிற்றுக்கிழமையுந்தான். சிற்சில இடங்களில் மூலத்தைவிடத் தம் வாக்கியம் சற்று நன்றாக அமைந்துவிட்டதாகத் தோன்றியபோது உண்டான சந்தோஷத்தையும் அவர் சுயசரிதையில் மறைக்கவில்லை.

இந்த முறை தமிழுக்கு அப்படியே பொருந்தும். உங்களுக்குப் பிடித்த ஆசிரியரின் ஒரே ஒரு பக்கத்தை எடுத்துக் கொள்ளுங்கள். குறிப்பு எழுதிப் புஸ்தகத்தை மூடி வையுங்கள். ஐந்தாம் நாள் எழுதுங்கள்; ஒப்பிடுங்கள். அவர் ஒரு வார்த்தையில் முடித்ததை நாம் எட்டு வார்த்தையில் இழுத்திருப்பது அப்போது பளிச்சென்று தெரியும். கம்பராமாயணத்தில் ஒரு பத்துப் பாட்டை எளிய வசனமாக எழுதிப் பார்ப்பதும் இதைச் சேர்ந்ததே. இப்படிச் செய்தால் பிறர் நடை ஒட்டிக்கொண்டு விடாதா என்று சிலர் பயப்படுகிறார்கள். குழந்தை தாயின் நடையைப் பார்த்துத்தான் நடக்கப் பழகுகிறது. வளர்ந்த பிறகு அதன் காலடிச் சத்தத்தை நாம் தனியே கண்டுகொள்கிறோம்.

நான்காவது பயிற்சி மொழிபெயர்ப்பு. இதை இரண்டாந்தரமான வேலையென்று சிலர் எண்ணுவதுண்டு. பாரதியார் 1904-இல் சுதேசமித்திரனில் உதவியாசிரியராகச் சேர்ந்தபோது அவருக்கு வாய்த்த வேலையில் பெரும் பகுதி மொழிபெயர்ப்பே. பின்னாளில் தாகூரின் கதைகளையும் அவர் தமிழாக்கினார். கல்கி அவர்கள் காந்தியடிகளின் சுயசரிதையைத் தமிழில் பெயர்த்தார். புதுமைப்பித்தன் அயல்நாட்டுக் கதைகளை நிறையத் தமிழுக்குக் கொண்டுவந்தார். சொந்தமாக எழுதும்போது ஒரு வார்த்தை அகப்படாவிட்டால் நாம் அந்த இடத்தைச் சுற்றி வளைத்துக்கொண்டு போய்விடலாம். மொழிபெயர்ப்பில் அப்படித் தப்ப முடியாது. கருத்து எதிரே நிற்கிறது. அதற்குத் தமிழ் தேடித்தான் ஆக வேண்டும். ஆங்கிலமோ ஹிந்தியோ தெலுங்கோ, தெரிந்த பாஷை எதிலிருந்தாவது வாரத்துக்கு அரைப் பக்கம் போதும். எழுதியதை அந்தப் பாஷை தெரியாத ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். அவர் எந்த இடத்தில் நெற்றியைச் சுருக்குகிறாரோ அந்த இடத்தில் தமிழ் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

கடைசிப் பயிற்சி, வெட்டுவது. 13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல் என்றாலே இலக்கணப் பரீட்சை நினைவு வந்து பலருக்கு நடுக்கம் பிறக்கிறது. அந்த நூலின் பாயிரத்தில் பத்துக் குற்றங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல் என்பவை அவற்றுள் சில. எழுதி முடித்த கையோடு இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு நம் எழுத்தை நாமே விசாரணை செய்தால் வேறு விமரிசகர் தேவையில்லை. உதாரணமாக ஒரு வாக்கியம்: "அந்த அழகிய சிறிய கிராமத்திலே வாழ்ந்து வந்த மக்கள் அனைவரும் மிகுந்த மகிழ்ச்சியுடனும் எல்லையற்ற ஆனந்தத்துடனும் பொங்கல் திருநாளைக் கொண்டாடி மகிழ்ந்தார்கள்." பதினாறு வார்த்தைகள், மகிழ்ச்சி மூன்று தடவை வருகிறது, கிராமம் ஒரு தடவையும் கண்ணுக்குத் தெரியவில்லை. "பொங்கலன்று அந்தக் கிராமத்தில் அடுப்பங்கரையில் ஆள் இல்லை, எல்லோரும் வாசலில் இருந்தார்கள்." இது ஒன்பது வார்த்தை. மகிழ்ச்சி என்ற சொல்லே இல்லை. ஆனால் பானை பொங்குவது தெரிகிறது.

முற்காலத்தில் இந்தக் கலையைத் தந்தி ஆபீஸ் நமக்கு இலவசமாகக் கற்பித்தது. வார்த்தைக்கு இவ்வளவு என்று காசு கேட்டதனால் எல்லோரும் சுருக்கமாக எழுதினார்கள். நம் நாட்டில் 2013-ஆம் வருஷம் ஜூலை மாதத்தோடு தந்தி மறைந்தது. அந்தச் சிக்கனத்தை நம் கையாலேதான் இனிக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும். எழுதிய பக்கத்தில் வார்த்தைக்கு ஒரு ரூபாய் என்று பாவித்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்குச் செலவைக் குறைத்துப் பாருங்கள். குடும்பம் நடத்தும் சகோதரிகளுக்கு இந்தக் கணக்கை நாம் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1903-இல் தென்னாப்பிரிக்காவில் தொடங்கிய இந்தியன் ஒப்பீனியன் பத்திரிகையில் ஆரம்பத்தில் தமிழ்ப் பகுதியும் இருந்தது. அதில் எழுதிவந்த வேலை தமக்கு அடக்கத்தில் ஒரு பயிற்சியாக அமைந்தது என்று காந்தியடிகள் தம் சுயசரிதையில் சொல்லுகிறார். யோசியாமலும் வேண்டுமென்றே மிகைப்படுத்தியும் ஒரு சொல்லைக்கூடப் போடக் கூடாதென்று அவர் தமக்கு விதித்துக்கொண்டிருந்தார். அந்த விரதத்தை ஒரு பக்கத்துக்கு அநுஷ்டித்துப் பார்த்தாலே அதன் கஷ்டம் நமக்குத் தெரியும்.

இவ்வளவும் செய்தால் எல்லோரும் பெரிய ஆசிரியர்களாகிவிடுவோமா? ஆக மாட்டோம். சரளி வரிசை பாடியவர்களெல்லாம் கச்சேரி செய்வதில்லை. பின் எதற்காக இந்தச் சிரமம் என்று கேட்டால், மறுபடியும் அந்த ஆற்றங்கரைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஓர் ஊரில் ஆறு வற்றிவிட்டது. சிறு பெண்கள் மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் சுமக்கிறார்கள். இதை அறிந்த பிள்ளைகள் நாற்பது பேர். அவர்களில் முப்பத்தொன்பது பேர் சலசலவென்று ஆறு ஓடியதாக எழுதக் கற்றிருக்கிறார்கள். நாற்பதாமவனையும் உபாத்தியாயர் திருத்திவிடுகிறார். நாளைக்கு இந்தப் பிள்ளைகளே பஞ்சாயத்துக்கும் சர்க்காருக்கும் மனு எழுதுவார்கள். பத்திரிகைக்குச் செய்தி எழுதுவார்கள். அதிகாரிகளாகி அறிக்கை எழுதுவார்கள். அப்போது அந்த ஆற்றில் தண்ணீர் இல்லை என்பதை யார் எழுதப் போகிறார்கள்? பிறர் சொன்ன வாக்கியத்தையே எழுதிப் பழகியவன், தன் கண்ணெதிரே நிற்கும் துன்பத்துக்கும் இரவல் வார்த்தைகளையே தேடுவான். கண்டதைக் கண்டபடி பத்து வரி எழுதத் தெரிந்தவனைப் பெரிய பேச்சுக்களால் ஏமாற்றுவது எளிதன்று. 1947-இல் நாம் பெற்ற சுதந்திரத்தைக் காப்பாற்றும் பொறுப்பில் இதுவும் ஒரு பகுதியென்று நாம் கருதுகிறோம்.

சில வருஷங்களுக்குப் பிறகு அதே தலைப்பை வேறொரு வகுப்புக்குக் கொடுத்தோம். ஒரு நிபந்தனையும் போட்டோம்: ஆற்றங்கரைக்குப் போய்விட்டு வந்துதான் எழுத வேண்டும், காணாத பறவை ஒன்றுகூடப் பறக்கக் கூடாது. இம்முறை வகுப்பில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை ஆறுகள் நம் மேஜைக்கு வந்து சேர்ந்தன. ஒன்றில் மணல் வண்டியை இழுக்க மாட்டாமல் மாடு ஒன்று முழந்தாளிட்டது. ஒன்றில் ஒரு கிழவர் தாம் நீந்திய இடத்தைத் தடியால் மணலில் கோடு போட்டுக் காட்டினார். ஒரு பையன் மட்டும் நான்கே வரி எழுதியிருந்தான். அம்மாவுக்கு ஜுரம் என்றும், தான் ஆற்றங்கரைக்குப் போகவே இல்லையென்றும், ஆகையால் எழுத ஒன்றுமில்லையென்றும் சொல்லியிருந்தான். வகுப்பிலேயே அவனுக்குத்தான் அதிக மார்க்குக் கொடுத்தோம். அது நியாயமா என்று சக உபாத்தியாயர்கள் இன்றளவும் நம்மோடு வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

கேள்வி கேட்டு எழுதிய நேயர்களுக்கு ஒரு வார்த்தை. நாவலை ஆறு மாதத்துக்குப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். இரண்டணாப் பென்ஸிலும் பழைய நோட்டுப் புஸ்தகமும் இருந்தால் போதும் என்று நம் பெரியவர்கள் சொல்லுவார்கள். அணா போய்விட்டாலும் அந்த வார்த்தை போகவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்கு வாசல் திண்ணையிலோ மாடி ஜன்னலிலோ அரை மணி நேரம் உட்காருங்கள். கண்டதைப் பத்து வரி எழுதுங்கள். சூரியன் உதித்தால் எழுதுங்கள். மேகம் மூடியிருந்தால் உதிக்கவில்லை என்றே எழுதுங்கள். அந்தப் பத்து வரியில் சிவப்பு மையை வைக்க எந்த உபாத்தியாயருக்கும் உரிமை கிடையாது. இந்த உபாத்தியாயருக்கு நிச்சயமாகக் கிடையாது.